ஆடு தின்ற மூன்றாவது கண்

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. விளையாட்டு ஞாயிறு காலை. புதையல் தேடலுக்கான எட்டு கியூஆர் அட்டைகளையும் மேசையில் பரப்பி, கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று போனைப் பிடித்தேன். நொடி (விடுகதையை எங்கள் பக்கத்தில் நொடி என்போம்) வரவில்லை. இலவசக் காலம் முடிந்துவிட்டது, தொடர வேண்டுமானால் காசு கட்டுங்கள் என்று ஒரு பக்கம் வந்து நின்றது. அடுத்த அட்டையும் அதையே சொன்னது. எட்டு அட்டைகளும் எட்டு முறை என்னிடம் காசு கேட்டன.

ஒக்டோபர் வாசிப்பு மாதம். எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளுக்கு வழமையான பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி வேண்டாம், மட்டக்களப்பு நகரின் புளியந்தீவைச் சுற்றி ஒரு புதையல் தேடல் வைப்போம் என்று வாய்விட்டவன் நான்தான். எட்டு இடங்களில் எட்டு கியூஆர் குறியீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும், அடுத்த இடத்துக்கு ஒரு நொடியும் இருக்கும். எட்டு எழுத்துகளையும் சேர்த்துச் சரியான சொற்றொடரோடு காந்தி பூங்காவுக்கு முதலில் வரும் அணிக்குப் புத்தகப் பரிசு.

நான் செய்த பிழை அன்றிரவுதான் விளங்கியது. குறியீடு செய்து தரும் தளங்களில் கண்ணில் பட்ட முதலாவதைப் பிடித்திருந்தேன். அது தந்த சதுரத்துக்குள் என் நொடி இருக்கவே இல்லை. அந்தத் தளத்தின் குறு முகவரி ஒன்றுதான் இருந்தது. போன் முதலில் அங்கே போகும், அவர்கள் அங்கிருந்து என் பக்கத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அச்சடித்த பிறகும் உள்ளடக்கத்தை மாற்றலாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணலாம் என்பதெல்லாம் இந்த வகையின் வசதிகள். நடுவில் நிற்பவர் கதவைச் சாத்தினால் சதுரம் செத்துப்போகும் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் வாசிக்கவில்லை. வாசிப்பு மாதத்தில்!

இன்னொரு வகையில், எழுதியது நேராகச் சதுரத்துக்குள்ளேயே இருக்கும். இடையில் யாரும் இல்லை, காலாவதி இல்லை, டேட்டாவும் தேவையில்லை. எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இதுதான் வேண்டியிருந்தது. ஆனால் அதில் தமிழை இட்டபோது வேறொரு சிக்கல் முளைத்தது. ‘கோட்டை’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது ககரம், ஓகாரக் குறி, டகரம், புள்ளி, இன்னொரு டகரம், ஐகாரக் குறி என ஆறு துண்டுகள். துண்டுக்கு மூன்று பைட், மொத்தம் 18. நான் ஆசையாக எழுதியிருந்த நீண்ட நொடிகள் 300 பைட்டைத் தொட்டன. அவற்றைப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 69 கட்டங்கள் உள்ள சதுரம் வந்தது, எள்ளைக் கொட்டிப் பரப்பியதைப் போல. ஐந்து சென்ரிமீற்றர் அட்டையில் என் தம்பியின் பழைய போன் அதைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துவிட்டது.

ஆகவே நள்ளிரவு வரை நொடிகளைச் சுருக்கினேன். அதில் ஒரு நன்மையும் நடந்தது. மட்டக்களப்பு வாயில் என்ற, தனியே நிற்கும் நினைவு வாயிலுக்கு முதலில் ஐந்து வரிக் கவிதை எழுதி வைத்திருந்தேன். அது இப்படியானது: “வாயில் உண்டு, வாய் இல்லை. வீடு உண்டா? அதுவும் இல்லை.” சுருங்கியதும் நொடிகளுக்கு உயிர் வந்தது. சதுரமும் 53 கட்டங்களுக்கு இறங்கியது.

சனிக்கிழமை காலை போட்டோகொப்பிக் கடை. காகிதம் மிச்சமாகட்டும், நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று கடைக்கார நானாவிடம் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

“தம்பி, 2022 இல் பெற்றோலுக்கு இந்தச் சதுரத்தை எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்தேன் தெரியுமா? ஓரத்தை வெட்டிக்கொண்டு போனவர்கள் வரிசையின் முன்னுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். வந்து என்னைத்தான் ஏசினார்கள்.”

அவர் சொன்னது சரி. சதுரத்தைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெறுமை இருக்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே உண்டு. அந்த வெள்ளை இல்லாவிட்டால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கமெராவுக்குப் பிடிபடாது. கியூஆர் காட்டிப் பெற்றோல் வாங்கிய அந்த எரிபொருள் வரிசை எங்கள் ஊருக்கு இப்படியும் ஒரு படிப்பைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. பத்து சென்ரிமீற்றர் அளவில் அடித்து, லமினேட் செய்து தந்தார். “நடு வெயிலில் இது கண்ணாடி மாதிரி மின்னும், ஒரு குடை கொண்டு போங்கள்” என்றும் சொன்னார். மறுநாள் அந்தக் குடைதான் இரண்டு இடங்களில் எங்களைக் காப்பாற்றியது.

அனுமதிக் கடிதங்களின் கதை வேண்டாம். மூன்று மேசை, இரண்டு கையெழுத்து, ஒரு தேநீர் இடைவேளை. கோட்டைச் சுவரிலும் பழைய நினைவுச் சின்னங்களிலும் எதையும் ஒட்டக் கூடாது என்பதால், அங்கெல்லாம் வட்டத்து அக்காமார் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் அக்காவைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர் வாய் திறக்க மாட்டார். சுவரில் ஒட்டுவதைவிட இது நன்றாகவே இருந்தது.

ஒரேயொரு அட்டையை மட்டும் லமினேட் செய்யாமல், நண்பன் வீட்டு மதிலில் கோதுமை மாப்பசையால் சனி இரவே ஒட்டினேன். விடிந்து போய்ப் பார்த்தால், அவர்களுடைய ஆடு பசையின் ருசியில் கீழ் மூலையைக் கடித்திருந்தது. கடித்த அளவு பெரிதில்லை. நாங்கள் தெரிவுசெய்திருந்த தரத்தில் சதுரம் ஏறத்தாழ 15 சதவீதம் பழுதானாலும் மீதியை வைத்துப் போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். உச்சத் தரம் என்றால் 30 சதவீதம். 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியியலாளர் தம் குழுவோடு இதை உருவாக்கியது கார் உதிரிப்பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. எண்ணெயும் அழுக்கும் படிந்தாலும் வாசிக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. ஆடு அவர்கள் கணக்கில் இல்லை. மூன்று மூலைகளில் பெரிய சதுரக் கண்கள் இருக்கின்றனவே, கமெரா முதலில் தேடுவது அவற்றைத்தான். எங்கள் ஆடு தின்றது மூன்றாவது கண்ணை. ஒரு கண் போனால் மீதி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. பையிலிருந்த மேலதிக அட்டையைக் கம்பியால் கட்டினோம். அதை ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போயிற்று.

ஆறு அணிகள், அணிக்கு நான்கு பிள்ளைகள், ஒரு பெரியவர், அவருடைய போன். எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாதபடி எட்டு இடங்களையும் வட்டமாகக் கோத்து, ஒவ்வோர் அணியையும் வெவ்வேறு புள்ளியில் இறக்கிவிட்டோம். ஆகையால் எழுத்துகள் ஒழுங்கு மாறித்தான் கிடைக்கும். இது நன்றாக வேலை செய்தது. நொடிகள்தான் சறுக்கின. “1814 இல் வந்தவர், இன்னும் போகவில்லை” என்று வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலைக்கு எழுதியிருந்தேன். இரண்டு அணிகள் நேரே மெதடிஸ்த மத்திய கல்லூரி வாசலுக்கு ஓடின. அவர் தொடங்கிய பாடசாலை, அதே ஆண்டு. பிள்ளைகளில் பிழை சொல்ல முடியாது. இன்னோர் அணி தேநீர்க் கடைக்குள் புகுந்து, காசு கட்டுவதற்கு ஒட்டியிருந்த லங்கா கியூஆரைப் பிடித்துவிட்டு, கடைக்காரரின் பெயரிலிருந்து எழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் அட்டையில் ஒரு மீன் படமாவது போட்டிருக்க வேண்டும்.

பெரிய அடி இருபதாவது நிமிடத்தில் விழுந்தது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, அணியையும் பெரியவரையும் பின்னால் ஓடிவரவிட்டு, காந்தி பூங்காவில் என் முன்னால் வந்து நின்றாள்.

“சேர், மீன்பாடும் தேனாடு.”

“எத்தனை எழுத்து கிடைத்தது, மகள்?”

“மூன்று. மீ, பா, தே. மட்டக்களப்பில் வேறு என்ன சேர் இருக்கும்?”

மட்டக்களப்பின் பட்டப்பெயர், எட்டெழுத்து வருகிறதே என்று நான் மகிழ்ந்து தெரிவுசெய்த சொற்றொடர் அது. இந்த ஊரில் பிறந்த பிள்ளையிடம் அதை மறைத்துவைக்கலாம் என்று எப்படி நினைத்தேனோ! எட்டு இடமும் போய் வர வேண்டும் என்று விதியில் எழுதவும் இல்லை. புத்தகங்கள் அவளுடைய அணிக்கே போயின. மற்ற அணிகள் பத்து மணி மழைக்கு முன் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஐந்தாவதாக வந்த அணி முழு எட்டையும் தேடிப் பிடித்திருந்தது. அவர்களுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், என் செலவில்.

அட்டைகளைச் சேகரித்தபோது எண்ணிப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துத் தேநீர்க் கடைக்காரர் போன் எடுத்தார்.

“தம்பி, உங்கள் சதுரம் ஒன்று என் லாச்சிப் பக்கம் இன்னும் இருக்கிறது. ஒருவர் தேநீருக்குக் காசு கட்ட அதைப் பிடித்திருக்கிறார். ‘டு’ என்று வருகிறதாம். எவ்வளவு என்று கேட்கிறார்.”