அம்மா பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்

தகப்பனாக வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. நான் தன்பாலீர்ப்பாளன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்த மறுநாள் காலை, செய்தித்தாளை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த அம்மா, "இனிமே போலீஸ் பிடிக்காதாம், இன்னொரு தோசை போட்டுக்கோ" என்று சொன்னதோடு அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டாள். பேத்தி விவகாரத்தை மட்டும் அவள் முடித்துக்கொள்ளவே இல்லை.

முதலில் வாடகைத் தாய் வழியை விசாரித்தேன். கருத்தரிப்பு மருத்துவமனையின் வரவேற்பறையில் கொடுத்த படிவம் மனைவியின் பெயரில் தொடங்கி மனைவியின் மாதவிலக்குத் தேதியில் முடிந்ததால், கைப்பேசி எண்ணை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான தம்பதியரைத் தவிர்த்தால், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட விதவையோ மணமுறிவு பெற்ற பெண்ணோதான் அந்த வழியில் பிள்ளை பெற முடியும் என்றும், தனி ஆணுக்கு எந்த வயதிலும் இடமில்லை என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கதவு வரை வந்து வழியனுப்பியவர், "சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு வாங்க சார்" என்றும் வாழ்த்தினார்.

எஞ்சியது தத்து. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனி ஆணுக்கும் தத்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பெண் குழந்தையைத் தராது. தனியாக இருப்பவருக்கு நாற்பது வயதுக்கு மேல் கைக்குழந்தையும் கிடையாது என்பதால், நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இரண்டு வயதைத் தாண்டிய ஒரு பையன்தான் விதிக்கப்பட்டிருந்தான். இரண்டு ஆண்டு மணவாழ்க்கையை நிறைவு செய்தவர்களே தம்பதியராகத் தத்தெடுக்கலாம் என்ற விதியை, தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அப்படியே நிற்கவிட்டது. ஆகவே எனக்கென்று ஓர் இணையர் இருந்திருந்தால் விண்ணப்பத்துக்கு அவரே இடைஞ்சலாகியிருப்பார். என் காதல்கள் ஒவ்வொன்றும் ஊற்றிக்கொண்டது வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தகுதியாகக் கணக்கில் சேர்ந்தது.

வருமானச் சான்று, மருத்துவச் சான்று என்று தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவின் இணையதளம் கேட்டவற்றையெல்லாம் ஏற்றினேன். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறவினர் ஒருவர் எழுதித் தரவேண்டிய இடத்தில்தான் அத்தையிடம் போய் நிற்க நேர்ந்தது. தாம்பரம் மனை தொடர்பான பத்திரமோ என்று சந்தேகித்த அவர், தம் மருமகனை வரவழைத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டார்.

பிறகு வீட்டு ஆய்வுக்காகச் சமூகப் பணியாளர் வந்தார். அம்மா முதல் நாளே பால்கனிக் கம்பியைத் துடைத்து, கேசரி கிளறி, பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டுவிட்டாள். அந்தப் பெண்மணி என் சம்பளம், உடல்நலம், குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கையில், அம்மா குறுக்கிட்டுத் தனக்குப் பேத்திதான் வேண்டும் என்றாள். தனி ஆணுக்குப் பெண் குழந்தையைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் சொன்னதும், "அப்படின்னா என் பேர்ல எழுதிக்கோங்க, நான் பொம்பளைதானே" என்றாள், ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவரை மாற்றுவதைப் போல. தனியாக விண்ணப்பிப்பவருக்கு ஐம்பத்தைந்துதான் உச்ச வயது என்ற பதில் கிடைத்தது. அம்மாவுக்கு எழுபது.

அம்மா அசரவில்லை. ஆம்பளையை நம்பிப் பெண்ணைக் கொடுக்க யோசிப்பது நியாயம்தான், ஆனால் தன் பிள்ளைக்குப் பெண்கள் மீது நாட்டமே கிடையாது, எனவே இந்தச் சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று அவள் வாதத்தை எடுத்து வைத்தாள். சமூகப் பணியாளரின் பேனா நின்றது. தகப்பனாக வருகிறவனை முன்கூட்டியே சந்தேகிக்கும் சட்டத்தை அதன் தர்க்கத்தாலேயே மடக்கிய விதத்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதே தர்க்கத்தை இன்னும் இரண்டடி நீட்டினால் பையனும் கைநழுவிப் போய்விடுவான் என்று தோன்றியதால், காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவசரமாகக் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது தமக்குத் தேவையான தகவல் இல்லை என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார்.

அறிக்கை சாதகமாக வந்து, நான் இப்போது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். குழந்தையின் படமும் மருத்துவக் குறிப்பும் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும் என்பதை அம்மாவிடம் விளக்கினேன். அவ்வளவு நேரம் எதற்கு என்கிறாள். அவளைப் பார்க்க வந்த அப்பா, பஜ்ஜித் தட்டு காலியாவதற்குள் சரியென்று சொல்லிவிட்டாராம்.