ஏணைக்குள் பாய்: ஏழாம் முயற்சியில் சில்லிடாத முதுகு

சென்ற சனிக்கிழமை இரவு காவலூருக்கு அருகே நண்பருடைய மாமனாரின் நிலத்தில், இரண்டு பலா மரங்களுக்கு இடையே கட்டிய ஹாமக்கில் (இரு முனைகளையும் கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை) பத்தரை மணிக்குப் படுத்தவன், காலை ஐந்தே முக்காலுக்குத்தான் கண்விழித்தேன். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தரையில் படுப்பவர்கள் கேட்கலாம். இதற்கு முந்தைய ஆறு இரவுகளிலும், இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஈரத்துணியை முதுகில் போர்த்தியது போல் விழித்து, சில நாள் பாய் கால்மாட்டில் சுருண்டு கிடப்பதையும் பார்த்து, மீதி இரவைக் காரின் பின்சீட்டில் கழித்தவனுக்கு அந்த ஏழே கால் மணி நேரத்தின் அருமை தெரியும்.

வேலூர்க்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன பேச்சு என்று என் அலுவலகத்திலேயே கேலி செய்கிறார்கள். மே மாதத்தில் மொட்டை மாடியில் இதே ஹாமக்கில் வெறும் துணியில் படுத்தாலும் வியர்த்துக் கொட்டுகிறது என்பது உண்மைதான். ஜவ்வாது மலையின் கதை வேறு. அங்குள்ள காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகத்தை அங்கே கொண்டுவந்த அதே தெளிந்த வானம்தான், மேகமே இல்லாத டிசம்பர் இரவில் நிலத்தின் சூட்டை முழுவதுமாக மேலே போகவிட்டு விடுகிறது. காலையில் பார்த்தபோது என் வெப்பமானியில் குறைந்த அளவாக 14 டிகிரி பதிவாகியிருந்தது. தரையில் படுத்தால் 14 டிகிரி பெரிய குளிர் இல்லை. ஹாமக்கில் உடம்புக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நல்ல ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும், முதுகுக்கு அடியில் அது நசுங்கித் தன்னுள் இருந்த காற்றை இழந்துவிடுவதால், அங்கே வெறும் துணிக்குச் சமமாகிவிடுகிறது. ஆகவே நசுங்காத பாய் ஒன்று கீழே வேண்டும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பாயை இரவு முழுவதும் முதுகுக்கு அடியிலேயே இருக்கவைப்பதுதான் பாடு.

முதல் இரண்டு முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றடைத்த பாய் முதல் இரவில், நைலான் மேல் நைலான் என்பதால், நான் புரண்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விலாங்கு மீன் போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. காற்றைப் பாதியாகக் குறைத்தபோது துணியின் வளைவுக்கு ஏற்ப ஓரளவு வளைந்தது, ஆனால் வழுக்குவதை நிறுத்தவில்லை. யோகா பாய் வழுக்கவில்லை. அதன் அகலம் இரண்டடி என்பதால், ஹாமக்கின் துணி தோள்களை இருபுறமும் அணைக்கும் இடத்தில் பாய் இல்லாமல், முதுகு மட்டும் சூடாகவும் இரண்டு தோள்களும் முழங்கைகளும் சில்லென்றும் இருந்தன.

மூன்றாம் முயற்சிக்காக இரட்டை அடுக்கு ஹாமக் ஒன்றைத் தைத்தேன். பதினோரடி நீளத் துணி, இரு முனைகளையும் மேலே இணைக்கும் ரிட்ஜ்லைன் என்ற கயிறு அதில் 83 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒன்பதடி ஒன்றரை அங்குலம். இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே பாயைச் செருகிவிட்டால் அது எங்கே போகும் என்று நினைத்தேன். அது போயிற்று. நீளவாக்கில் நேராகச் செருகிய பாயின் மேல் நான் குறுக்குச் சாய்வாகப் படுக்கிறேன். தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம் என்று சாய்ந்து படுத்தால்தான் ஹாமக்கில் முதுகு வாழைப்பழம் போல் வளையாமல் நேராக இருக்கும் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். பாய் நேராகவும் உடம்பு சாய்வாகவும் இருந்தால் ஒரு தோளும் எதிர்ப்பக்கத்துக் குதிகாலும் எப்போதும் பாய்க்கு வெளியேதான். உடம்பின் எடை பாயை ஒரு மூலையிலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால், விடிவதற்குள் அது தானாகத் திருகிக்கொள்ளும். மரத்தில் கட்டும் பட்டைகளை இறுக்கித் துணியைத் தட்டையாக்கினால் சரியாகிவிடும் என்று நான்காம் இரவில் முயன்றது முழு முட்டாள்தனம். 30 பாகைச் சாய்வில் ஒவ்வொரு பட்டையும் என் எடையான 72 கிலோவைத்தான் இழுக்கிறது. 10 பாகைக்கு இறுக்கினால் அது 200 கிலோவைத் தாண்டுகிறது, துணியின் ஓரங்கள் சுவர் போல் எழுந்து தோள்களை நெரிக்கின்றன, பாய் நடுவில் மடிந்து படகாகிவிடுகிறது.

ஆகவே பாயையும் சாய்வாக வைக்க வேண்டும், அது அந்தச் சாய்விலேயே நிற்க வேண்டும் என்று முடிவானது. சாய்வு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க வீட்டு வேப்பமரத்துக்கும் தூணுக்கும் இடையே ஹாமக்கைக் கட்டி நான் வழக்கம்போல் படுத்துக்கொள்ள, என் மைத்துனன் கீழே மல்லாந்து படுத்துத் தையல் சாக்பீஸால் தலை, இரு தோள்கள், இடுப்பு, குதிகால்கள் ஆகிய இடங்களைத் துணியில் குறித்தான். "மாமா, அசையாதீங்க, கோடு கோணலாப் போகுது" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த இருபது நிமிடங்கள்தான் இந்த மொத்த வேலையிலும் பயனுள்ள இருபது நிமிடங்கள் என்பேன். தலை நடுக்கோட்டிலிருந்து 22 செ.மீ. ஒரு பக்கமும், குதிகால்கள் 25 செ.மீ. மறுபக்கமும் விலகியிருந்தன. பாயின் நீளத்துக்கு அது சுமார் 15 பாகைச் சாய்வு. அந்தக் கோட்டை ஒட்டி, இரண்டு அடுக்குகளுக்கும் உள்ளே நாடா முடிச்சுகள் நான்கை வைத்துத் தைத்தேன். பாயின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு அவற்றில் கட்டிவிட்டால் திருகுவதற்கு இடமில்லை.

தைத்து முடித்து ஏறிப் படுத்தபோதுதான் தெரிந்தது, பாய் எதிர்ச்சாய்வில் கிடந்தது. கீழிருந்து பார்த்துக் குறித்த கோட்டைக் காகிதத்தில் எடுத்து, துணியைத் திருப்பிப் போட்டு மேலிருந்து தைத்ததால் இடம் வலமாகிவிட்டது. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து நான்கு முடிச்சுகளையும், அவற்றுக்கு வலுவூட்டப் போட்ட குறுக்குத் தையல்களையும் பிளேடால் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கடைசி நூலை இழுத்துக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த என் மனைவி, "ஏங்க, நீங்க அந்தப் பக்கமா மாத்திப் படுத்திருந்தா ஆகியிருக்காதா?" என்று கேட்டாள். ஆகியிருக்கும். ஹாமக்கின் இரு சாய்வுகளும் ஒன்றுக்கொன்று சமம்தான். நான் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

இனி சிறகுகளைப் பற்றி. தோள்களுக்கும் இடுப்புக்கும் பக்கவாட்டில் பாய் நீள வேண்டும் என்பதற்காக, காலணிகளில் பயன்படும் ஈவிஏ என்ற ஃபோமில் 10 மி.மீ. தாளை ஆம்பூரில் காலணி உதிரிப்பொருள் கடை ஒன்றில் வாங்கினேன். மலை ஏறுவோருக்கான பாயை இணையத்தில் விலை பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அதே வகை ஃபோமை நம் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகள் அன்றாடம் வெட்டித் தள்ளுகின்றன என்பதை நினைவில் வைக்கலாம். தாள்களில் கடினமானதும் மெத்தென்றதும் உண்டு. காலணியின் அடிப்பகுதிக்குப் போகும் கடினமான தாள் நமக்கு உதவாது, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மெத்தென்றதை எடுக்க வேண்டும். முழு நீளத்துக்கு ஒரே துண்டாக அன்று கிடைக்காததால் இரண்டாக வாங்கி ஒட்ட வேண்டியதாயிற்று. பசையைத் தடவிய உடனே அழுத்தி ஒட்டிய என் முதல் இணைப்பு, படுத்த அரை மணி நேரத்தில் பட்டென்று பிரிந்தது. மறுவாரம் அந்தக் கடையிலிருந்த வயதான தொழிலாளி ஒருவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். இரண்டு ஓரங்களையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தட்ட வேண்டும் என்றார். அதைவிடப் பெரிய பாடத்தைச் செய்தே காட்டினார். தோல் சீவும் கத்தியை ஏறக்குறையப் படுக்கவைத்துப் பிடித்து, தாளின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்குச் சரிவாகச் சீவினார். மற்ற துண்டின் ஓரத்தை எதிர்ச்சரிவில் சீவி இரண்டையும் பொருத்தியபோது, இணைப்பின் மேல் கையை ஓட்டினால் மேடு தட்டுப்படவே இல்லை. நான் வீட்டில் அதே வேலையைச் செய்தபோது முதல் மூன்று சீவல்கள் அலை அலையாக வந்தன. கத்தியை நகர்த்தாமல் தாளை இழுத்தால் சரிவு சீராக வருகிறது என்பதை நான்காவதில் கண்டுகொண்டேன்.

சிறகுகள் தோளுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாகக் குறுக்கே ஒட்டப்பட்டவை. அவை பாயின் மேல் படியும் இடங்களில் ஃபோம் இரட்டிப்பாகிறது, அங்கே வெப்பத்தடையும் கூடுகிறது. பாய்களை அடுக்கினால் ஆர்-மதிப்புகளை, அதாவது வெப்பத்தடையின் அளவுகளை, கூட்டிக்கொள்ளலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே நன்மை.

ஐந்தாம், ஆறாம் இரவுகளில் பாய் நகரவில்லை, தோளும் குளிரவில்லை, முதுகு நனைந்தது. ஈவிஏ நீராவியை விடாது என்பதால் உடம்பின் வியர்வை முழுவதும் அதன் மேற்புறத்திலேயே குளிர்ந்து தங்கியிருக்கிறது. இதைத் தீர்த்தது என் அம்மா. குழந்தையை ஏணையில் போடும்போது பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து அடியில் போடுவது எதற்கு என்று நினைத்தாய் என்று கேட்டார். குடியாத்தம் லுங்கி ஒன்றை இரண்டாக மடித்து மேல் அடுக்கின் மேல் விரித்துப் படுத்ததுதான் ஏழாம் இரவு. காலையில் லுங்கி லேசாக ஈரமாக இருந்தது, நான் இல்லை.

மரத்தில் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மரமில்லா மலை என்று பெயரெடுத்த வேலூரில் ஹாமக் பழகுகிறவன் கிடைத்த மரத்தை மதிக்க வேண்டும். பலாவின் மரப்பட்டை கயிற்றால் அறுபட்டால் பால் வடிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், நிலத்துக்காரருக்கும் மனம் வலிக்கும்; இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள நாடாப்பட்டையால் நான் கட்டுவதில்லை.

இதற்கிடையில் இலவம்பஞ்சை அடைத்துக் கீழே தொங்கும் ரஜாய் ஒன்று தைத்தால் பாயே வேண்டியதில்லையே என்ற எண்ணம் வந்துவிட்டது. துணிகூட அளந்து வைத்துவிட்டேன். பாயில் குதிகாலுக்கான கடைசித் துண்டு இன்னும் ஒட்டப்படாமல் அலமாரியின் மேல் கிடக்கிறது. பசை டப்பாவின் மூடி இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறது.