கிராம சபையில் கேள்வி கேட்ட பிறகு வீட்டுக்கு வரும் நோட்டீஸ்

ஊராட்சிக் கணக்கைப் பற்றிக் கிராம சபையில் கேள்வி கேட்டவர் வீட்டுக்கு அடுத்த மாதமே ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வருகிறது. இல்லையென்றால் ஸ்டேஷனிலிருந்து "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன் வருகிறது. இப்படி வந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து நாங்கள் கற்றுக்கொண்டது இது.

முதலில் ஒன்று. "இது பழிவாங்கல்" என்று நிரூபிப்பதில் உங்கள் பலத்தைச் செலவழிக்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்நோக்கத்தை நிரூபிக்கும் சுமை அதைச் சொல்கிறவர் தலையில்தான் விழும். 1970களில் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா, முதல்வர் கருணாநிதி மீது உள்நோக்கம் சாட்டி வழக்குப் போட்டார். அந்தச் சுமை மிகக் கனமானது என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. அரசின் கோப்புகளெல்லாம் தெரிந்தவருக்கே அப்படி என்றால் நம் கையில் என்ன ஆதாரம் இருக்கப்போகிறது? நோட்டீஸ் செல்லாமல் போவது பெரும்பாலும் நடைமுறைப் பிழையால்தான். அந்தப் பிழை கிடைக்கும் இடம் நோட்டீஸின் வாசகத்தைவிட அது வந்த உறை.

உறையைக் கிழித்துத் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்தைக் கத்தரியால் வெட்டித் திறந்து, நோட்டீஸோடு பின் அடித்து வைத்திருங்கள். நோட்டீஸில் 3ஆம் தேதி போட்டிருக்கும். உறையின் மேல் தபால் முத்திரை 17 என்று இருக்கும். உங்கள் கைக்கு வந்தது 19. விசாரணைக்கு ஆஜராகச் சொன்ன நாளோ 18. இந்த நான்கு தேதிகளும் ஒரே காகிதக் கட்டில் இருந்தால், "வாய்ப்புக் கொடுத்தோம், அவர் வரவில்லை" என்ற வாதம் அங்கேயே நொறுங்கிவிடும். பதிவுத் தபால் எண்ணை வைத்து இணையத்தில் பட்டுவாடா விவரத்தை அன்றே எடுத்து அச்சிடுங்கள். சுவரில் ஒட்டிவிட்டுப் போனால், கிழிக்காமல் சுவரும் வாசலும் தெரிய அன்றைய நாளிதழோடு படம் எடுங்கள். ஆள் நேரில் கொண்டுவந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் "வாங்க மறுத்தார்" என்று எழுதிவிட்டுப் போவார். வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும், "நகல் மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்றும் எழுதுங்கள்.

நோட்டீஸில் இருக்கும் ந.க. எண்ணை, அதாவது அலுவலகக் கோப்பு எண்ணைப் பாருங்கள். அதில் வருடமும் பிரிவு எழுத்தும் இருக்கும். எண் இல்லாத கடிதமும் பழைய வருட எண் போட்ட கடிதமும் பின்னால் கேள்விக்கு உரியவை.

நில ஆக்கிரமிப்பு என்றால் 1905ஆம் ஆண்டுச் சட்டம்தான் வரும். ஆபீஸில் "7 நோட்டீஸ்", "6 நோட்டீஸ்" என்பார்கள். 7 என்பது விளக்கம் கேட்பது, 6 என்பது காலி செய்யச் சொல்வது. 7 வராமல் நேராக 6 வந்தால் அதுவே பெரிய ஓட்டை. கட்டடத்தை இடிப்பதாக இருந்தால் 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறைகள் இருக்கின்றன: பதிவுத் தபாலில் நோட்டீஸ், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், பதில் சொல்லக் குறைந்தது 15 நாள், நேர் விசாரணை, காரணம் எழுதிய இறுதி உத்தரவு, அதன் பிறகும் 15 நாள் அவகாசம், இடிப்பை வீடியோ எடுப்பது. ஆனால் சாலை, தெரு, நடைபாதை, ரயில்பாதை ஓரம், நீர்நிலை ஆகியவற்றுக்கு இந்தக் கவசம் கிடையாது. அதனால் நோட்டீஸில் "வாய்க்கால்", "வண்டிப்பாதை" என்று வகைப்பாடு போட்டிருந்தால் அன்று இரவே அ-பதிவேடு (நிலத்தின் வகைப்பாடு இருக்கும் வருவாய்ப் பதிவேடு), புல வரைபடம், பட்டா மூன்றையும் இணையத்தில் பதிவிறக்கி வையுங்கள். பதிவேட்டில் பின்னால் திருத்தம் நடந்தாலும் அந்தத் தேதியில் என்ன இருந்தது என்பது உங்களிடம் இருக்கும். எல்லையில் சந்தேகம் இருந்தால் எஃப்-லைன் அளவைக்கு (சர்வேயர் வந்து எல்லையை அளப்பது) மனுக் கொடுத்து, அதன் ஒப்புகையைப் பதிலோடு இணையுங்கள்.

பதிலில் கோபத்தைக் காட்ட வேண்டாம். எழுதாமல் விட்டதைப் பின்னால் சேர்ப்பது உங்களுக்குக் கடினம். அதேபோல அதிகாரிகளும் உத்தரவில் எழுதாத காரணத்தைப் பிறகு பதில் மனுவில் சேர்க்க முடியாது; உச்ச நீதிமன்றத்தின் மொகிந்தர் சிங் கில் வழக்கு முதல் நீதிமன்றங்கள் இதைத்தான் சொல்லி வருகின்றன. ஆகவே உத்தரவில் என்ன காரணம் இருக்கிறது, என்ன இல்லை என்று வரி வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. உங்கள் படிக்கட்டு நிஜமாகவே தெருவில் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தால், "பக்கத்து வீட்டுக்காரரும்தான் நீட்டியிருக்கிறார்" என்ற வாதம் காப்பாற்றாது. மற்றவர் செய்த தவறு நமக்கு உரிமை ஆகாது. வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, குடிநீர்க் கட்டணம், கடை உரிமம் எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று கேள்வி கேட்கப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்ததில் பாதிப் பேர் தடுமாறியது இங்கேதான்.

அடுத்தது ஸ்டேஷன். சந்தேகத்தின் பேரில் அழைத்தால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ், சாட்சியாக அழைத்தால் 179. இரண்டும் எழுத்தில் வர வேண்டும். 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 179இல் பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் வீட்டை விட்டு வரச் சொல்லவே கூடாது. அதற்காக "வர முடியாது" என்று முறைத்துக்கொள்ள வேண்டாம். "ஐயா, நோட்டீஸ் கொடுங்க, தேதிக்கு வந்துடுறேன்" என்றால் போதும். முறையாக வந்த 35(3) நோட்டீஸுக்குப் போகாமல் இருந்தால் அதையே கைதுக்குக் காரணமாக்குவார்கள். போகும்போது வக்கீலோ ஊர்க்காரர் ஒருவரோ கூட இருக்கட்டும். உங்கள் மீது புகார் இருக்கிறது என்றால் சிஎஸ்ஆர் எண் (புகாரைப் பெற்றதற்கான ரசீது எண்) கேளுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதிய வாக்குமூலத்தில் கடைசி வரிக்கும் உங்கள் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால் குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வழக்கமாக வரும் குற்றச்சாட்டு "அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார்". இதில் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 221க்கும் 132க்கும் வித்தியாசம் பெரியது. 221 என்றால் வெறுமனே தடுத்தது. 132 என்றால் தாக்குதலோ பலப் பிரயோகமோ இருந்திருக்க வேண்டும். அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. கிராம சபை வீடியோவில் நீங்கள் யார் மேலும் கை வைக்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பிரிவு ஆட்டம் காணும். 221இல் அந்த ஊழியர் தரப்பிலிருந்து எழுத்துப்பூர்வமான புகார் நேராக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இதைப் பல வழக்குகளில் கவனிக்காமல் விடுகிறார்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள்; அனுப்பியது சுருங்கிய நகல். எடுத்த போனில் மூலக் கோப்பு அப்படியே இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அதற்கு ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் கேட்பார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுவை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். யார் மேல் புகார் சொல்கிறீர்களோ அதே அலுவலகத்துக்கே "மேல்நடவடிக்கைக்காக" அது திரும்பி வரும். பதிலை எழுதுவதும் நீங்கள் புகார் சொன்னவர்தான். ஆனாலும் மனுக் கொடுங்கள். அந்த மனு எண்ணும் தேதியும் உங்கள் நாள் வரிசையில் ஒரு வரி.

தகவல் உரிமை மனுவில் "ஏன் எனக்கு மட்டும்?" என்று கேட்டால் பதில் வராது. அது ஆவணம் தரும் சட்டம், காரணம் சொல்லும் சட்டம் இல்லை. பத்து ரூபாய் கட்டணத்தில் மூன்றே கேளுங்கள்: உங்கள் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், நோட்டீஸ் அனுப்பிய நாளின் அனுப்புகைப் பதிவேட்டுப் பக்கம், அந்தக் கிராமத்தில் கடந்த மூன்று வருடத்தில் கொடுத்த நோட்டீஸ்களின் பட்டியல். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். உங்கள் கேள்விக்கு மறுநாளே கோப்பு திறக்கப்பட்டது குறிப்புப் பக்கத்தில் தெரிந்தால், அப்போதுதான் உள்நோக்கம் என்ற வார்த்தைக்கு உயிர் வரும்.

மணல், கல்குவாரி விவகாரம் என்றால் தனியாளாக மனுப் போடாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் குவாரி முறைகேடுகள் பற்றிப் புகார் கொடுத்து வந்த ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார். கொலை வழக்காகி சிபிசிஐடிக்குப் போனது. பத்துப் பேர் கையெழுத்தோடு மனு போகட்டும், நகல் வேறு ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும்.

உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், உள்நோக்கம் சாட்டப்படும் நபரைப் பதவிப் பெயரால் மட்டும் சேர்த்தால் போதாது, சொந்தப் பெயரிலும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் அந்த வாதத்தையே நீதிமன்றம் கேட்காது. வக்கீல் செலவுக்கு வழியில்லாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

தடை உத்தரவு வாய்மொழியாகக் கிடைத்த அன்றே வக்கீலிடம் கடிதம் வாங்கி, வழக்கு எண்ணோடு தாசில்தார் அலுவலகத் தபாலில் கொடுத்து, முத்திரையும் நேரமும் வாங்கிவிடுங்கள். "உத்தரவு எங்களுக்கு வந்து சேரவில்லை" என்று சொல்லி வெள்ளிக்கிழமை மாலை ஜேசிபி வந்து நிற்கும். அந்த முத்திரையிட்ட நகல் ஒன்று வாசல் கேட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கட்டும், இன்னொன்று வீட்டில் இருப்பவர் கையில்.