நாகலூரில் நின்றுபோன பிரியஸ்

நவம்பர் 4, திங்கள்

காலை ஏழு மணிக்கே ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து மாமா போன். “மாப்ளே, வண்டி செத்துப்போச்சு.”

எந்த வண்டி என்று கேட்கத் தேவையில்லை. 2011 மாடல் பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்த டொயோட்டா ஹைபிரிட் கார். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் பழைய வண்டியாகப் பிடித்தது. காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு ஜீப் வாங்காமல் இதை வாங்கினாரே என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக வந்து துடிக்கின்றனவாம். உள்ளே ரிலே, அதாவது கரண்டில் இயங்கும் சுவிட்ச், டிக் டிக் என்று அடிக்கிறதாம். ‘ரெடி’ என்கிற பச்சை எழுத்து மட்டும் வரவில்லை. மூன்றாவது முறை அழுத்தியபோது விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. ஏற்காட்டிலிருந்து யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஹைபிரிட் பேட்டரி போச்சுங்க, ரெண்டு லட்சம் ஆகும்” என்று சொல்லிப் போயிருக்கிறார். மீட்டர்கூட வைக்கவில்லையாம்.

“புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களா மாமா?” என்று கேட்டேன். “ஒண்ணுமே இல்லப்பா.” இந்தப் பதிலைக் குறித்து வைக்கிறேன், பின்னால் வரும்.

எனக்கு கார் தொழில் இல்லை. சேலம் அம்மாபேட்டையில் யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறேன். ஆனால் விளக்கு மங்கி, ரிலே அடித்து, அப்புறம் மொத்தமாக அடங்கினால் அது எங்கள் ஊர் பாஷையில் சின்ன பேட்டரி, அதாவது 12 வோல்ட். பெரியதை, அதாவது வண்டியை ஓட்டும் ஹைபிரிட் பேட்டரியைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கடையில் நன்றாக சார்ஜ் ஏறியிருந்த 42 ஏஹெச் (ஆம்பியர்-மணி) யூபிஎஸ் பேட்டரி ஒன்றை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி. பதினான்கு கிலோ எடையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாகத் திரும்பியதில் இடுப்பு இன்னும் வலிக்கிறது. மேலே போகப் போக மூட்டம். ஒண்டிக்கடை தாண்டியதும் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

இந்த வண்டியில் முதல் வேடிக்கை, சின்ன பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கி திறப்பதோ கரண்டில். பேட்டரி செத்தால் பேட்டரி இருக்கும் அறையே பூட்டிக்கொள்கிறது. ரிமோட் சாவியும் வேலை செய்யாது. சாவிக்குள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி டிரைவர் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஒரு பிளஸ் முனை கொடுத்திருக்கிறார்கள், இந்த மாதிரி நாளுக்காகவே.

அங்கே வைத்ததும் மீட்டர் 8.6 வோல்ட் காட்டியது. ஓய்வில் 12.6 இருக்க வேண்டியது. பிளஸ்ஸை அந்த முனையிலும், மைனஸ்ஸை பெயின்ட் இல்லாத ஒரு இரும்பிலும் கொடுத்தேன். இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன். இங்கே மாற்றிக் கொடுத்தால் ஒரு ஃபியூஸோடு போகலாம், பெரிய பேட்டரியின் கரண்டை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வரைக்கும்கூட போகலாம். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார் மாமா. ‘ரெடி’ வந்தது.

“அவ்ளோதானா?” என்றார். ஏமாந்த மாதிரி இருந்தது குரல்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். சாதா காரில் 12 வோல்ட் பேட்டரிதான் செல்ஃப் மோட்டாரைச் சுற்றும். அதற்கு நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், பேட்டரி சோர்ந்தால் ‘கர்ர்’ என்று இழுவையிலேயே தெரிந்துவிடும். பிரியஸில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார். சின்னதற்கு வேலை, கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் பெரிய பேட்டரியை வண்டியோடு சேர்க்கும் மெயின் ரிலேக்களை இழுப்பதும்தான். சாவியைக் கையில் வைத்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேன் மயங்கிக் கிடந்தால் உள்ளே எத்தனை பணம் இருந்தும் கதவு திறக்காது. செல்ஃப் இழுவை இல்லாததால் முன்னறிவிப்பும் குறைவு. நேற்று வரை ஓடும், இன்று நிற்கும்.

ரெடியில் இருக்கும்போது டெர்மினலில் 14.1. ஆக, பெரியதிலிருந்து சின்னதை சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. டிக்கியைத் திறந்து பார்த்தால் பேட்டரியில் 2018 என்று ஸ்டிக்கர். ஆறு வருஷம். வேறென்ன வேண்டும், மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன். அவசரப்பட்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

பேட்டரி தேடி இரண்டு நாள் போனது. பயணிகள் இருக்கும் அதே காற்றில் இந்தப் பேட்டரியும் இருப்பதால் அடைத்த வகைதான் போட வேண்டும், கசியும் வாயு வெளியே போக சின்னக் குழாய் ஒன்றும் சேர வேண்டும். சேலத்தில் கேட்ட முதல் கடையில் “எதுனாலும் ஓடுங்ண்ணா” என்றார்கள். ஓடும், ஆனால் போட மாட்டேன். பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் 45 ஏஹெச் வந்து சேர்ந்தது. மாட்டி மாமாவை மேலே அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மறுபடி செத்துவிட்டது. புது பேட்டரி, ஐந்தே நாள்.

கடையில் ஒரு ஆஸ்பத்திரி யூபிஎஸ் வேலை, என்னால் கிளம்ப முடியவில்லை. நாளைக்கு வருகிறேன், யாரையும் தொட விடாதீர்கள் என்று சொன்னேன். சாயங்காலம் அக்கா போன் செய்து மெதுவாகச் சொன்னாள்: “தம்பி, உங்க மாமா இன்னொரு ஆளைக் கூட்டியாந்து காட்டிட்டாரு. அவரு ஆரஞ்சு கலர்ல எதையோ புடுங்கிட்டு மறுபடி சொருகினாரு.”

ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 13, புதன்

ஆரஞ்சு என்றால் என்ன என்று முதலில். இந்த வண்டியின் பெரிய பேட்டரியில் 28 மாட்யூல், ஒவ்வொன்றிலும் 6 செல், மொத்தம் 168. செல்லுக்கு 1.2 வோல்ட் வைத்தால் 201.6. அதற்கு மேல் இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றிக்கொள்ளும். 10 கேவிஏ யூபிஎஸ்ஸில் பதினாறு பேட்டரியை வரிசையாகக் கோத்தால் 192 வோல்ட் வரும், எனக்குத் தினம் பழகின எண்தான். பழகினதால்தான் பயமும். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும், பொறி கிளம்பினாலும் அணைய வழி உண்டு. பேட்டரியின் டிசி கரண்ட் அப்படி விடாது. ஆரஞ்சு நிற ஒயரும் பிளக்கும் அந்த வோல்டேஜுக்கான எச்சரிக்கை. டிக்கியின் தரைத்தட்டுக்குக் கீழே இருக்கும் ஆரஞ்சு சர்வீஸ் பிளக் பேட்டரியை நடுவில் துண்டிப்பது. 1000 வோல்ட் ரப்பர் கையுறை போட்டு உருவி, கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்ட் இறங்க பத்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம்தான் எதையும் தொட வேண்டும். நேற்று வந்தவர் வெறுங்கையாலே உருவியிருக்கிறார். சாமி புண்ணியம்.

முன்பக்கம் என் பேட்டரியைக் கொடுத்தேன். விளக்குகள் பளிச்சென்று வந்தன, மங்கல் இல்லை. ஆனால் ‘ரெடி’ இல்லை, சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் மட்டும். போன வாரத்து நோய் இது இல்லை.

நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்கேனரைச் செருகினேன். பி0ஏ0டி என்ற பிழைக் குறியீடு வந்தது. ஹை வோல்டேஜ் இன்டர்லாக் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய பேட்டரி போனால் வரும் பி0ஏ80 இல்லவே இல்லை. மாமாவுக்கு நம்பிக்கை வரட்டும் என்று இரண்டிரண்டு மாட்யூலாகச் சேர்ந்த பதினான்கு பிளாக்கின் வோல்டேஜையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். எல்லாம் 15.9க்கும் 16.1க்கும் நடுவில், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று மட்டும் தனியாகக் கீழே தொங்கியிருந்தால்தான் ரெண்டு லட்சம் பேச்சு.

இன்டர்லாக் என்பது சின்ன சுவிட்ச். சர்வீஸ் பிளக்கைச் செருகி, கைப்பிடியைத் திருப்பி நிமிர்த்தினால் உள்ளே உட்கார்ந்துவிட்ட மாதிரிதான் தெரியும். அதற்கப்புறம் பூட்டுவதற்கு இன்னொரு அசைவு பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் பிளக் சரியாக இல்லை என்று வண்டி மெயின் ரிலேயை இழுக்க மறுக்கும். வந்தவர் அந்தக் கடைசி அசைவைச் செய்யவில்லை. 12 வோல்ட்டைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, பூட்டினேன். ‘டக்’. ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்ததும் ரெடி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின் சீட்டு ஓரத்தில் இருக்கும் சல்லடை மாதிரி துவாரத்தை அடைத்துக்கொண்டு காப்பி மூட்டை. பெரிய பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். மூட்டையை இறக்கிவிட்டு, பிரஷ்ஷால் தூசியை எடுத்தேன். “அக்கா சொன்னா கேக்கமாட்டீங்க, நான் சொன்னாலாவது கேளுங்க மாமா.”

சரி, புது பேட்டரி ஏன் இறங்கியது? இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஆறு வருஷ ஸ்டிக்கரைப் பார்த்ததும் மூளையை மூடிவிட்டேன். என் கடைப் பையன் இப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

இரவு அங்கேயே தங்கினேன். வண்டி தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க, முதலில் அதைத் தூங்க வைக்க வேண்டும். டிக்கி திறந்திருந்தால் தூங்காது, அதனால் டிக்கிப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியிருப்பதாக ஏமாற்றினேன். சாவியை அக்காவின் சமையலறை அலமாரியில் வைத்தேன். மைனஸ் ஒயரில், ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர். அரை மணி நேரம் காப்பி குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் 0.38 ஆம்பியர். 0.03 பக்கம் இருந்தால் நிம்மதி. 45ஐ 0.38ஆல் வகுத்தால் 118 மணி நேரம். ஐந்து நாள். கணக்கு கச்சிதம்.

நவம்பர் 14, வியாழன்

இழுப்பது யார்? ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. இந்த வண்டியில் ஒன்றைப் பிடுங்கிச் செருகினால் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஃபியூஸைக் கழற்றாமல் அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டர் முனையை வைத்து மில்லிவோல்ட் பார்த்தேன். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். ஓடினால் அதன் சின்ன ரெசிஸ்டன்ஸில் கொஞ்சம் விழும். வரிசையாக 0.0, 0.0, 0.1. உள்விளக்குகளுக்கான 10 ஆம்பியர் ஃபியூஸில் 2.6.

உள்ளே விளக்கு எதுவும் எரியவில்லை. டார்ச் அடித்து ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் பார்த்தால், அந்த லைனில் மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று டேப் சுற்றி ஒட்டியிருந்தது. பிடித்துக்கொண்டே போனேன். தூணின் பீடிங்குக்குள் நுழைந்து, கூரைத் துணிக்குள் போய், கண்ணாடிக்குப் பின்னால் டேஷ் கேமராவில் முடிந்தது.

“மாமா, புதுசா ஒண்ணும் மாட்டலைன்னீங்க?”

“அது தீபாவளிக்கு வந்தப்ப பையன் மாட்டினது. நான் எங்க மாட்டுனேன்?”

தீபாவளி அக்டோபர் 31. வண்டி நின்றது நவம்பர் 4. யாரும் பொய் சொல்லவில்லை, கேள்வியைத்தான் நான் சரியாகக் கேட்கவில்லை. யாரோ வண்டியைக் கீறிவிட்டுப் போனார்கள் என்று பையன், வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் ‘பார்க்கிங் மோட்’ போட்டுக் கொடுத்திருக்கிறான். வோல்டேஜ் இறங்கினால் தானாக நிறுத்தும் சாதனம் எதுவும் இடையில் இல்லை. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு அந்த ஒயரை மாற்றினேன். தூங்கிய பிறகு கிளாம்ப் மீட்டரில் 0.03.

நவம்பர் 17, ஞாயிறு

மூன்று நாள் ஓட்டாமல் வைத்திருந்து இன்று காலை அளந்தேன்: 12.6.

அக்காவுக்கு அந்தக் கேமராவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை. கார்டை லேப்டாப்பில் போட்டோம். இரவு இரவாக, மணிக்கணக்கில், மூட்டம் மட்டும். அது நகர்கிறதல்லவா, அசைவு என்று நினைத்துக் கேமரா விடாமல் பதிவு செய்திருக்கிறது. நடுவில் ஒரு மரநாய் பானெட் மேல் ஏறி இறங்கியது. அப்புறம் நவம்பர் 9, இரவு 10:40. விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த மாமா, வண்டியில் சாய்ந்துகொண்டு பீடி பற்ற வைக்கிறார்.

அக்கா ஒன்றும் பேசாமல் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில், நான் கேமராவை மொத்தமாகக் கழற்றாமல் விட்டேனே என்கிற வருத்தம்தான் தெரிந்தது.