கேப் ரோட்டில் வழுக்கிய எம்.டி. டயர்

மூணாறிலிருந்து பூப்பாறை பக்கம் போகும் கேப் ரோட்டை இப்போது நன்றாக அகலப்படுத்தித் தார் போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் குடைந்த பாறை, மறுபக்கம் தேயிலைச் சரிவு. ஜூன் கடைசி வாரம், சாயங்காலம் நாலு மணி, நல்ல மழை. ஒரு வளைவில் நாற்பது நாற்பத்தைந்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன வேன் சட்டென்று பிரேக் பிடித்தது. நானும் மிதித்தேன். காலடியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கரகரவென்று அடித்தது. வண்டியோ தன் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வேனுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம் விட்டு நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அத்தான், இது மலையேறுற டயருன்னுல்ல சொன்னீங்க?"

சொன்னேன்தான். நாலு வருஷமாகக் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021 ஜனவரியில் மஹிந்திரா தார் டீசல் வண்டி கைக்கு வந்தது. அடுத்த மாதமே கம்பெனி டயர்களைக் கழற்றிவிட்டு, அதே 245/75 ஆர் 16 அளவில், சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் (எம்.டி.) டயர் ஐந்து வாங்கிப் போட்டேன். ஸ்டெப்னியும் சேர்த்து ஒரு லட்சத்தை நெருங்கியது. டயர் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இனி வரும் புலம்பலில் பாதி எம்.டி. டயர் என்ற ஜாதிக்கே உரியது, மீதிப் பாதி என் தப்பு.

புதிதில், தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டனின் ஆழம் 15 மி.மீ. இருந்தது. சின்ன கேஜ் ஒன்று வாங்கி, அவ்வப்போது அளந்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். 20,000 கி.மீ.யில் 11.5. 40,000-இல் 7.5. இந்தப் பயணத்துக்குக் கோவையில் கிளம்பியபோது 57,000 ஓடியிருந்தது, கேஜ் நாலரை காட்டியது. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். அந்தக் கணக்கில் இன்னும் பத்துப் பதினைந்தாயிரம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சூரியநெல்லியில் இரவு தங்கல். அங்கிருந்து கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்தான். எஸ்டேட் இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளாவுக்குள் நுழைந்து சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். கிட்டத்தட்ட 8,000 அடி உயரம். விடியற்காலை நாலு மணிக்கு வந்த ஜீப்காரர் ஐம்பதைத் தாண்டியவர். எங்களை ஏற்றிக்கொள்ளும் முன்னால் நிறுத்தியிருந்த என் வண்டியை டார்ச் அடித்து ஒரு சுற்று சுற்றிவந்தார். குனிந்து முன் டயரின் பட்டன் ஒன்றில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் இறங்கவில்லை.

"பட்டன் இருக்கு சார். ரப்பர்தான் செத்துப்போச்சு."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

என் கையைப் பிடித்துத் தன் ஜீப் டயரில் வைத்தார். நகம் லேசாகப் பதிந்து, எடுத்ததும் தடம் மறைந்தது. அவருடையது பழைய 6.00-16, ட்யூப் போட்ட ஒல்லி டயர். பட்டன்கள் டிராக்டர் டயரைப் போலக் குறுக்கே பட்டை பட்டையாக இருந்தன. ஏற்கெனவே ஒரு தடவை மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் செய்தது. என் டயரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சைக்கிளும் லாரியும் போல இருக்கும். மேலே பத்துப் பன்னிரண்டு கி.மீ., ஒன்றரை மணி நேரம். பாதை என்று சொல்லக்கூடாது, உருட்டிவிட்ட பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடிய தடம், அவ்வளவுதான். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையில் போய் உட்காருகிறது. அவர் காலை ஆக்சிலரேட்டரில் வைத்ததாகவே தெரியவில்லை, லோ கியரில் இன்ஜின் தானாக நடந்தது. "என் டயர் இந்த மலையைத் தாண்டி எங்க சார் போகுது? உங்க டயர் தார் ரோட்லல்ல கெடக்கு" என்றார்.

சூரிய உதயம் பார்க்கவில்லை. மேகத்துக்குள்ளேயே நின்றுவிட்டு, சூடாக டீ குடித்துவிட்டு இறங்கினோம். ஜூனில் போனால் அப்படித்தான்.

இறங்கும்போது அவர் சொன்னதே மண்டையில் ஓடியது. உண்மையான கணக்கு என்ன? 57,000 கி.மீ.யில் மண், சேறு, பாறை எல்லாம் சேர்த்து 2,500 தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் அவிநாசி ரோடு, சேலம் பைபாஸ், ஊருக்குப் போய்வரும் நாலு வழிச்சாலை. 15 மி.மீ. பட்டனை மலையும் சேறும் தின்னவில்லை, சுங்கச்சாவடிகளுக்கு நடுவில்தான் தேய்த்திருக்கிறேன்.

அந்த 2,500-இல் டயர் தன் விலையைக் காட்டிய நாட்கள் உண்டு. முதல் வருஷம் ஐப்பசி மழையில் விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கரிசல் காடு. செம்மண் சேற்றில் ஓட்டியவர்களுக்கு இது புரியாது. செம்மண் வழுக்கும், ஆனால் டயரை விட்டு உதிர்ந்துவிடும். கரிசல் அப்பிக்கொள்ளும். நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளமெல்லாம் அடைத்து, எம்.டி. டயரும் மொட்டை டயரும் ஒன்றாகிவிடும். நான் பவ்யமாக மெதுவாக உருட்ட உருட்ட, சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு வீங்கி, மட்கார்டுக்குள் உரசியது. வரப்பில் குடையோடு நின்ற பெரியப்பா, "ஏலே, மிதி! ஒதறணும்லா!" என்று கத்தினார். நாலு சக்கரமும் பலமாக இழுக்கும் 4 லோவில் இரண்டாவது கியர் போட்டு மிதித்தேன். கூரையளவுக்குக் கட்டி கட்டியாகப் பறந்தது, அவர் குடை மேலும் விழுந்தது. பள்ளம் காலியானதும் பட்டன் பிடித்துவிட்டது. பள்ளத்தை அவ்வளவு அகலமாக விட்டிருப்பதே சக்கரம் சுற்றுகிற வேகத்தில் சேற்றை வெளியே வீசுவதற்குத்தான். நிதானம் இங்கே உதவாது.

இரண்டாவது, 2022 செப்டம்பரில் இமாச்சலத்து ஸ்பிட்டி. கோவையிலிருந்து மணாலி சுமார் 3,000 கி.மீ. கிராம்பூவில் பிரிந்து சத்ரூ, பாதல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறும் பாதையில் ரோடு என்று ஒன்று இல்லை, ஆற்றுப்படுகைக் கற்கள்தான். அங்கே டயர் காற்றை 22 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் போய்ப் பார்த்தால் காற்று கேஜில் 25. யாரும் காற்றடிக்கவில்லை. ஓடிய சூடு பாதி, மீதி உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் மேலே போகப் போகக் குறைவதால், உள்ளே இருக்கும் அதே காற்று கேஜில் கூடுதலாகத் தெரியும். பாதலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கல் பின் டயரின் பக்கவாட்டைக் கீறியது. இறங்கிப் பார்த்தால், பக்கவாட்டில் இருக்கும் முட்டுக்கட்டை போன்ற ரப்பர் ஒன்று பாதி அறுந்து தொங்கியது. உள்ளே நூல் தெரியவில்லை. சாதாரண டயராக இருந்தால் அங்கேயே கிழிந்திருக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்தப் பஞ்சர் கடையிலும் வைத்தியம் கிடையாது. போட்ட ஒரு லட்சமும் அந்த ஒரு கல்லுக்காகத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் அந்தக் கல்லுக்குப் போய்ச் சேரவும் திரும்பி வரவும் 6,000 கி.மீ. தார் ரோடு. அங்கேதான் சத்தம் தொடங்கியது. புதிதில் அறுபதுக்கு மேல் மெல்லிய ரீங்காரம்தான், பிடித்தும் இருந்தது. 30,000 தாண்டியதும் எண்பதில் லாரியோடு லாரியாக ஓடுவது போல இரைச்சல். பின் சீட்டில் இருப்பவர்கள் என்ன பேசினாலும் "ஆ?" என்று கேட்க வேண்டியிருந்தது. முன் பக்கம் வீல் பேரிங் போய்விட்டது என்று ஒரு ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். மாற்றினோம், காசு போனது, சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டேன். சத்தமும் கூடவே பின்னுக்குப் போனது! பேரிங் இருந்த இடத்தை விட்டு நகராது, டயர் நகரும். இந்தச் சோதனைக்கு ஒரு ஜாக்கியும் அரை மணி நேரமும் போதும். நான் பேரிங் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழவென்று போனது. எதிர்த் திசையில் தடவினால் ரம்பப் பல் போலத் தட்டியது. ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓரத்தில் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. பட்டன் உயரமாக, தனித்தனியாக நிற்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அது வளைந்து நிமிர்கிறது, அதில் வரும் தேய்மானம். 7,000, 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை சக்கரங்களை இடம் மாற்றியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். நான் முதல் தடவை மாற்றியதே 18,000-இல். மைலேஜும் லிட்டருக்கு ஒன்றரை போல இறங்கியது. டயர் ஒவ்வொன்றும் பழையதைவிட நாலைந்து கிலோ கனம், இறங்காமல் என்ன செய்யும்.

இனி மழை விஷயத்துக்கு வருகிறேன். ஈரத் தாரில் பிடிப்பு கொடுப்பது பட்டனின் உயரம் மட்டும் அல்ல, பட்டன் மேல் பிளேடால் கீறியது போல இருக்கும் மெல்லிய கோடுகளும்தான். எம்.டி. டயரில் அவை முதலிலேயே குறைவு. என் டயரில் அந்தக் கோடுகள் பட்டனின் பாதி ஆழம்வரைதான் இருந்தன. நாலரைக்கு வந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. நாலு வருஷ வெயிலில் ரப்பரும் இறுகிவிட்டது. கேப் ரோட்டில் நான் ஓட்டியது பார்வைக்கு முரட்டு டயர், ஈரத் தாருக்கு அது வழவழப்பான கட்டை. கேஜ் ஆழத்தை மட்டும்தான் அளக்கும். நகம் வைத்துப் பார்க்க ஜீப்காரர் தேவைப்பட்டார்.

திரும்பும்போது மறையூர், சின்னார், உடுமலை வழி. மூணாறில் கொட்டிய மழை சின்னார் பக்கம் பேருக்குக்கூட இல்லை, மழை மறைவுக் காடு. இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டியாக வேண்டும். மணி நாலரை இருக்கும், பின் இடது டயர் இறங்கியது. விரல் நீளக் கம்பி ஒன்று, கரெக்டாகப் பட்டனுக்கு நடுவே மெல்லிய இடத்தில். குச்சி வைத்து அடைத்துப் பார்த்தேன், ஓட்டை பெரியது, நிற்கவில்லை. சரி, ஸ்டெப்னி.

அங்கேதான் அடுத்த கூத்து. இடம் மாற்றியபோதெல்லாம் ஸ்டெப்னியைச் சேர்க்கவே இல்லை. பின் கதவில் தொங்கிய ஐந்தாவது டயர் 15 மி.மீ. பட்டனோடு, புது டயரின் ரப்பர் முடிகள்கூட உதிராமல் அப்படியே இருந்தது. தேய்ந்ததற்கும் அதற்கும் ஆரத்தில் பத்தரை மி.மீ. வித்தியாசம். ஒரு சுற்றுக்கு ஆறரை செ.மீ. அதிகம் ஓடும். இதைப் போட்டுக்கொண்டு, நாலு சக்கரமும் இழுக்கும் 4 ஹையில் தார் ரோட்டில் ஓட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். என் வண்டியில் பின் ஆக்சிலில், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியல், அங்கே ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று வைக்க மனசு வரவில்லை. அதனால் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் போட வேண்டியதாயிற்று. ஒரு பஞ்சருக்கு இரண்டு தடவை ஜாக்கி. பைக்கில் வந்த வனக் காவலர் ஒருவர் நின்று, "யானை இறங்குற நேரம், சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். மாப்பிள்ளை வேலையைவிட அதிகமாகப் புதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டூ வீல் டிரைவிலேயே கோவை வந்து சேர்ந்தோம். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோது, அந்தப் புது ஸ்டெப்னியின் பக்கவாட்டைச் சுற்றிலும் மயிரிழை வெடிப்புகள். 4820 என்று அச்சடித்திருந்தது, 2020-இன் 48-ஆவது வாரம் செய்தது. நாலரை வருஷம் கதவில் தொங்கியபடியே வெயில் காய்ந்திருக்கிறது.

ஐந்தையும் கழற்றிவிட்டு, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போட்டாயிற்று. ஐப்பசியில் கரிசலில் மாட்டிக்கொண்டால் பெரியப்பாவின் டிராக்டர் இருக்கிறது. பழைய டயர்களில் மூன்றைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், கம்பி ஏறியதைத் தொடவில்லை, அது வீட்டு மாடியில் கிடக்கிறது. ஸ்டெப்னியைப் பெரியப்பா கேட்டு வாங்கிப்போனார். பக்கவாட்டை அறுத்துத் தொழுவத்தில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருக்கிறார். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார். ரப்பர் முடி இன்னும் அப்படியே இருக்கிறது.