வாய்மொழித் தேர்வில் என்னைக் கவிழ்த்த சர்க்கரை

தைராய்டு கண் நோயை, அதாவது உடலின் நோயெதிர்ப்பே கண்குழித் திசுவைத் தாக்கிக் கண்ணைப் பிதுங்கவைக்கும் நோயை, கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்துத்தான் வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். "டிஎஸ்ஹெச் ஏற்பியில் இருக்கும் சர்க்கரை அங்கே எப்படி வந்தது?" என்றார் தேர்வாளர். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் வந்து பிணையும் புரதம்தான் அந்த ஏற்பி. "கிளைக்கேஷன்" என்றேன், யோசிக்காமல். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

சரியான விடை கிளைகோசிலேஷன். அது செல்லின் சொந்த வேலை. நொதிகள் குறித்த இடத்தில் சர்க்கரைத் தொடரைக் கோத்துவிடும். கிளைக்கேஷனில் நொதியே கிடையாது. குளுக்கோஸ் தானாக வந்து புரதத்தின் அமினோ தொகுதியில் ஒட்டும். முதலில் ஷிஃப் காரம், பிறகு அமடோரி விளைபொருள் என்ற இடைநிலைகள், கடைசியில் பிரிக்க முடியாத ஏஜிஇ எனும் இறுதி விளைபொருள். வேதியியலாளர் மைலார்ட் 1912இல் விவரித்த அதே வினைதான். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினை ஹெச்பிஏ1சி என்று தினமும் எழுதுகிறோமே, அதுவும் இந்த ஒட்டல்தான். இரண்டு பெயரையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்குக் குழப்பம் தீர்ந்தது.

நோயெதிர்ப்புப் பகுதியைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். கண்குழியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) ஒன்றை நடுவில் வரைந்துகொள்ளுங்கள். அதன் மேல் டிஎஸ்ஹெச் ஏற்பி, பக்கத்தில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி. எதிர்ப்பொருள் வந்து தூண்டுகிறது. டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணு சிடி40 என்ற மேற்பரப்புப் புரதம் வழியாக முடுக்குகிறது. செல் ஹயலுரோனிக் அமிலத்தைச் சுரக்கிறது, அது நீரை இழுத்துப் பிடிக்கிறது. சில செல்கள் கொழுப்புச் செல்லாகவே மாறுகின்றன. சுற்றிலும் எலும்புச் சுவர். வீங்கும் திசுவுக்கு வேறு வழியில்லை, கண்ணை முன்னே தள்ளுகிறது. இந்தப் படம் கையில் இருந்தால் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற மருந்து ஏன் ஐஜிஎஃப்-1 ஏற்பியைத் தடுக்கிறது என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

கிளைக்கேஷனுக்கு இதில் எவ்வளவு இடம்? இங்கேதான் பலர் அளவு மீறுகிறார்கள். நோயைத் தொடங்கிவைப்பது தன்னெதிர்ப்பு. ஏஜிஇ தன் ஏற்பியான ரேஜில் பிணைந்து என்எஃப்-கப்பா-பி என்ற, அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதம் வழியாக அழற்சியைக் கூட்டக்கூடியது. எரிகிற நெருப்பில் எண்ணெய் என்று எழுதுங்கள், நெருப்பே அதுதான் என்று எழுதாதீர்கள். விடையில் புகைப்பழக்கத்தைக் குறிப்பிடவும் மறக்காதீர்கள். இந்த நோயை மோசமாக்கும் காரணிகளில் அதற்கே முதலிடம். சிகரெட் புகையிலும் ஏஜிஇயை உருவாக்கும் பொருள்கள் இருக்கின்றன.

மறுதேர்வில் கேள்வி வேறு பக்கமிருந்து வந்தது: நீரிழிவு உள்ள நோயாளிக்கு எதைக் கவனிப்பீர்கள்? ஸ்டீராய்டு, டெப்ரோடுமுமாப் இரண்டுமே இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்றேன். இந்த முறை பேனா எழுதிக்கொண்டே இருந்தது.