ஏல நாட்குறிப்பு: ஒரு கேமரா, ஒரு கெம்பு மோதிரம், கொஞ்சம் காக்காப்பொன்

3 செப்டம்பர் 2025, புதன்

அடுத்த புதன்கிழமை ஏலத்துக்கான கேட்டலாக் இன்று காலை வந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங் ஒரு பக்கம் ஓட, இன்னொரு திரையில் அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏலம் என்றதும் சோத்பீஸ், கிறிஸ்டீஸ் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மத்திய இங்கிலாந்தில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர கார் தூரத்தில், கிடங்கு மாதிரியான ஒரு கட்டடத்தில் நடக்கும் உள்ளூர் ஏலம். யாராவது வயதானவர் இறந்துபோனால் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து, டீப்பாயிலிருந்து தோடு வரை கொண்டுவந்து இங்கேதான் கொட்டுவார்கள். கேமரா, படம், நகை மூன்றும் ஒரே நாளில் போகும்.

நான் குறித்து வைத்தவை: ஒரு ரோலிகார்ட் Vb, மேலிருந்து குனிந்து பார்க்கும் பழைய ஃபிலிம் கேமரா, 60 முதல் 100 பவுண்ட் மதிப்பீடு. தங்க நிறத்தில் ஒரு 'லைகா' (பெயர்போன ஜெர்மன் கேமரா), அதன் மேல் ஜெர்மன் கடற்படை முத்திரை (இதை வாங்க அல்ல, வேடிக்கை பார்க்க). கெம்பும் வைரமும் பதித்த ஒரு மோதிரம், 400 முதல் 600. அப்புறம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நான் வேண்டிக்கொள்ளும் ஒரு லாட் (ஒரே எண்ணில் சேர்த்து ஏலம் போகும் பொருள்கள்): 'இந்தியன் ஸ்கூல் (அதாவது இந்தியப் பாணி), 19ஆம் நூற்றாண்டு, டால்க் மீது வரைந்த 12 உருவங்கள், நான்கு சட்டங்களில்.' மதிப்பீடு 150 முதல் 250.

டால்க் என்று அவர்கள் பழைய பழக்கத்தில் எழுதுவது அப்பிரகத்தை, அதாவது நம் காக்காப்பொன்னை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போக வாங்கிய சின்னச் சின்னப் படங்கள். முர்ஷிதாபாத், பாட்னா, காசி, திருச்சிராப்பள்ளி, இந்த ஊர்களில் நிறைய வரைந்தார்கள். கேட்டலாக்கில் இருந்த போட்டோ மங்கல்தான், ஆனால் ஒரு பெண்ணின் புடவைக்கட்டைப் பார்த்தால் காசி மாதிரி தெரியவில்லை.

6 செப்டம்பர், சனி

பார்வை நாள், அதாவது பொருட்களை நேரில் கையில் எடுத்துப் பார்க்கும் நாள். என்னைக் கேட்டால் ஏலம் என்பது இன்றைக்கே முடிந்துவிடுகிறது. புதன்கிழமை நடப்பது வெறும் கணக்குத் தீர்ப்பது. ஆனாலும் அறையில் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் போட்டோ பார்த்து விலை கேட்பவர்கள்.

முதலில் அந்தத் தங்க லைகா. பொருள் எடுத்துக் கொடுக்கும் பெரியவரிடம் கேட்டு லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மேல்பக்கம் ரேஞ்ச்ஃபைண்டருக்கான (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பு) சின்னக் கை ஒன்று இருக்கும். அசல் லைகாவில் அதன் நுனியில் உருளும் குட்டிச் சக்கரம். இதில் இருந்ததோ ஆப்பு மாதிரி ஒரு கெட்டித் துண்டு. ஆகவே இது சோவியத் சரக்கு: 1934 முதல் கார்கிவில் செய்த ஃபெட், அல்லது 1948 முதல் க்ராஸ்னகோர்ஸ்கில் செய்த சோர்க்கி. இரண்டும் லைகா II-வைப் பார்த்துச் செய்தவை. சோவியத் யூனியன் உடைந்த பிறகு அவற்றின் மேல்தட்டைச் சுரண்டி, லைகா என்று பொறித்து, தங்க முலாம் பூசி, போர்க்கால முத்திரை குத்தி விற்பது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. கேட்டலாக்கில் 'லைகா பாணி' என்று நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார்கள். படிக்கிறவர்கள் படித்தால் சரி.

ரோலிகார்டோடு அரை மணி நேரம் போனது. பின்மூடியைத் திறந்து, ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்தினால் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, நின்று, யோசித்து மூடுகிறது. பழைய எண்ணெய் கெட்டிப்பட்டுவிட்டது, ஆனால் அது சரிசெய்யக்கூடியது. 1/60, 1/125 செகண்ட் இரண்டும் சுத்தமாக அடிக்கின்றன. போன் டார்ச்சைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்தேன். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருக்கும், கண்ணாடியின் பூச்சையே தின்றிருக்கும், அப்புறம் துடைத்தாலும் தழும்பு போகாது. இதில் வெறும் தூசிதான். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடம் வலமாக மாறிய உலகம் அந்தச் சதுரக் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. சர்வீஸுக்கு 100 பவுண்டுக்கு மேல் ஆகும் என்பதால் 90-க்கு மேல் கேட்பதில்லை என்று கேட்டலாக் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மோதிரம். '18 காரட்' என்று மட்டும் குத்தியிருக்கிறது, தங்கத்தைச் சோதித்து அரசு அங்கீகாரம் பெற்ற அலுவலகம் குத்தும் பரிசோதனை முத்திரை (ஹால்மார்க்) எதுவும் இல்லை. (லண்டன் என்றால் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாம் என்றால் நங்கூரம், எடின்பரோ என்றால் கோட்டை. பழைய மோதிரங்களில் இது இல்லாமலும் இருக்கும்.) பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (நகைக்காரர் உருப்பெருக்கி) சிவப்புக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், ஒரு கோணத்தில் உள்ளே வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். இசைத்தட்டில் இருக்குமே, அந்த மாதிரி. பூமியில் விளைந்த கெம்பில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணம் கோணமாக ஓடும். வளைந்தால் அது உலையில் விளைந்தது. வெர்நூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-இல் வெளியிட்ட முறை அது. கல் செயற்கை என்பதால் மோதிரம் மோசடி ஆகிவிடாது. 1910, 20-களில் அது புதுமை, நல்ல நகைக்கடைக்காரர்களே அசல் வைரத்தோடு சேர்த்துப் பதித்தார்கள். மோதிரம் அந்தக் காலத்துடையதாகவே இருக்கலாம். ஆனால் 'கெம்பு' என்று நம்பி 600 கொடுப்பது வேறு விஷயம். கல்லைச் சோதித்தீர்களா என்று கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். 'கற்கள் சோதிக்கப்படவில்லை' என்று நிபந்தனைப் பக்கத்தைக் காட்டினாள். அவள் வேலை அவளுக்கு.

கடைசியாக காக்காப்பொன் படங்கள். அதைப் பற்றி இங்கே இப்போது எழுதமாட்டேன். புதன் முடியட்டும்.

8 செப்டம்பர், திங்கள்

புதிதாக ஏலத்துக்கு வருபவர்கள் சறுக்குவது கட்டணத்தில்தான், அதனால் கணக்கை இங்கே போட்டு வைக்கிறேன். ஏலக்காரரின் சுத்தியல் 200 பவுண்டில் விழுந்தால் 200 கொடுத்துவிட்டு வர முடியாது. வாங்குபவர் கமிஷன் இங்கே 25 சதவீதம், அதாவது 50. அந்த 50-க்கு 20 சதவீத வாட் வரி, 10. ஆக 260. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்கு வேறு சில சதவீதம் போகும். படம் வரைந்தவர் உயிரோடு இருந்தாலோ, இறந்து 70 ஆண்டு ஆகாமல் இருந்தாலோ, விலையும் 1,000 பவுண்டைத் தொட்டால், ஓவியருக்கோ வாரிசுக்கோ போகும் மறுவிற்பனைப் பங்கு 4 சதவீதம். அதையும் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் கட்டுவார்கள். என் காக்காப்பொன் ஓவியர் யாரென்றே தெரியாது, பாவம், அவருக்கு அன்றைக்கும் பங்கு இல்லை, இன்றைக்கும் இல்லை.

ராத்திரி அம்மா போன் செய்தாள். மோதிரத்தைப் பற்றிச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"அடகு மூழ்கின நகையாடி அது?"

"இல்லம்மா, யாரோ பாட்டியோடது."

"செத்தவங்களோடதா! ஏண்டி, உனக்கு நகைக்கா பஞ்சம்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊர்ப் பேப்பரில் நகை ஏலம் என்றால் வட்டி கட்ட முடியாமல் போன ஒரு குடும்பத்தின் கதை. இங்கே ஒன்பது காரட் தங்கத்தை, அதாவது ஆயிரத்துக்கு 375 பங்கு தங்கத்தை, நகை என்று போட்டுக்கொள்கிறார்கள் என்று சொன்னதும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. 916-க்கு ஒரு மாற்று குறைந்தாலும் முகம் சுளிக்கிறவள் அம்மா. பத்து நிமிஷம் சிரித்தாள்.

10 செப்டம்பர், புதன்

அரை நாள் லீவு. அறையில் உட்கார்ந்து கேட்டால் இணையக் கட்டணம் மிச்சம். இன்னொன்று, யார் எதைக் கேட்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம்.

மணிக்கு நூறு லாட் வேகம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரமெல்லாம் இல்லை. ஏலக்காரர் அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், டொக். சில லாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே விலையை ஏற்றுவார். அங்கே கேட்பவர் யாரும் இருக்கமாட்டார்கள். நிபந்தனையில் சொல்லியிருந்தால், விற்பவரின் ரிசர்வ் விலை (இதற்குக் கீழே தரமாட்டேன் என்று அவர் வைத்த விலை) வரை ஏலக்காரரே கேட்கலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. தெரிந்துகொண்டால் கோபம் வராது.

தங்க 'லைகா' 220-க்குப் போனது! இணையத்தில் இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். 2022-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லாரில், லைகாவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக்கின் சொந்தக் கேமரா, 0-சீரிஸ் என்ற சோதனை வரிசையில் 105-ஆம் எண், 1.44 கோடி யூரோவுக்குப் போன செய்தியைப் படித்தவர்கள் போலிருக்கிறது. இந்த மாதிரிச் செய்திகள் மனசைக் கெடுக்கத்தான் பயன்படுகின்றன. லண்டனில் சந்தையில் 10 பவுண்டுக்கு வாங்கிய மோதிரம் 26 காரட் வைரமாகி, 2017-இல் 6,56,750 பவுண்டுக்கு விற்றது நிஜம்தான். பழைய வெட்டு இன்றைய வைரம் போல மின்னாததால் அது வைரம் என்று அத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை. அதைப் படித்துவிட்டு இங்கே ஒவ்வொரு தட்டிலும் கண்ணாடிக்கல் மோதிரத்தைத் துழாவுகிறார்கள்.

ரோலிகார்ட் 90-ஐத் தாண்டியதும் கையை மடியில் வைத்துக்கொண்டேன். 110-க்குப் போனது. வாங்கியவர் பார்வை நாளில் வந்த முகம் இல்லை. அந்த ஒரு செகண்ட் ஷட்டர் அவருக்கு வீட்டில்தான் தெரியவரும். மோதிரம் 720. போனில் கேட்டவருக்கு.

காக்காப்பொன் லாட் வந்தபோது பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். 100-இல் ஆரம்பம். எனக்கும் இணையத்தில் யாரோ ஒருவருக்கும்தான் போட்டி. 190-க்கு நான் கேட்டதும் எதிர்ப்பக்கம் சத்தமில்லை. டொக். கமிஷனும் வாட்டும் சேர்த்து 247. கார்டைத் தேய்த்துவிட்டு, நான்கு சட்டங்களையும் பழைய போர்வையில் சுற்றி, காரில் படுக்க வைத்து, மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டி வந்தேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

இப்போது எழுதலாம். சனிக்கிழமை பார்வையில் நான் கண்டது, ஒரு சட்டத்தின் கீழ்விளிம்பில், படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டைக்குள் பாதி மறைந்திருந்த தமிழ் எழுத்து. கறுப்பு மை, மெல்லிய எழுத்து: 'பால்காரி'. பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஆங்கிலம். தமிழ் எழுத்து இருந்தால் காசியும் பாட்னாவும் கழன்றுவிடும். திருச்சிதான் என்று அடித்துச் சொல்ல அது மட்டும் போதாது, ஆனால் மடிசார்க் கட்டும் முண்டாசும் தெற்கத்தியவை.

ஒவ்வொரு உருவமும் உள்ளங்கை அளவு. பால்காரி, நெசவாளி, பல்லக்குத் தூக்கி, குடைக்காரன், மொட்டைத் தலையோடு ஒரு பண்டாரம். அப்பிரகம் வழவழப்பாக இருப்பதால் வண்ணம் தாளில் ஊறுவது போல ஊறாமல் மேலேயே நின்று கண்ணாடி ஓவியம் போல மினுங்குகிறது. அதுவேதான் வினையும். நெசவாளியின் முழங்காலில் வண்ணம் செதிலாக எழும்பியிருக்கிறது, ஒரு மூலையில் அப்பிரகமே ஏடு ஏடாகப் பிரிகிறது. கணவர் "கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாமே" என்றார். தொடவே கூடாது என்று மேஜையைவிட்டு அவரைத் தள்ளி உட்கார வைத்தேன்.

கேமராக்களோடு ஒரே நாளில் இவை விற்றது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. இந்த ஓவியர்கள் பிழைப்பைக் கெடுத்ததே கேமராதான். போட்டோவும், பிறகு படத் தபால் அட்டையும் வந்ததும், ஊருக்கு எடுத்துப்போக அப்பிரகப் படம் எதற்கு என்று வாங்குவது நின்றுபோனது. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இந்த வகைப் படங்கள் இருக்கின்றன, லீவு போட்டு ஒரு நாள் போய் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

20 செப்டம்பர், சனி

பழைய ஓவியங்களைச் சீர்செய்து பாதுகாக்கும் நிபுணர் ஒருவரிடம் படங்களைக் காட்டினேன். பின்பக்க அட்டை அமிலம் ஏறி மஞ்சளாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். செதில் எழும்பிய இடங்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து மெல்லிய தூரிகையால் ஒட்ட வேண்டும், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட வேண்டும், வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். நான்கு சட்டத்துக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை நான் ஏலத்தில் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இப்போதைக்கு நெசவாளி இருக்கும் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வந்தேன், மற்ற மூன்றும் போனஸ் வந்த பிறகு.